கோக்-ஜாருக்கு எழுபத்தொரு பேர்

எங்கள் ஊர் கோக்-ஜாருக்குக் காரில் இடம் தேடுகிறவர்கள் சாதாரண நாளில் பதினான்கு பேருக்கு மேல் போனதில்லை. ஆடு விற்க வந்தவன், ஆஸ்பத்திரிக்கு வந்து திரும்புகிறவள், விடுதிச் சாப்பாடு பிடிக்காமல் வீட்டுக்கு ஓடும் மாணவன், அவ்வளவுதான். அன்று காலை பத்து மணிக்கு என் திரை எழுபத்தொன்று என்று காட்டியது. நோரூஸ் பண்டிகை முடிந்து ஐந்து நாள் ஆகியிருந்தது. பண்டிகைக்கு முந்தின நாளே முப்பத்தொன்றுதான். எனக்கு முதலில் வந்தது கோபம். மூன்று வாரம் முதுகொடிய உட்கார்ந்து நான் கட்டியது, பணம் போடுவதற்காக வெளியாட்கள் வந்து பார்க்கப்போகிற நாளாகப் பார்த்துப் பல்லிளித்துவிட்டது என்றே நினைத்தேன்.

ஊருக்கு ஊர் ஓடும் ஷேர் டாக்சிகளில் இடம் தேடித் தருகிற செயலி எங்களுடையது. தலைநகர் பிஷ்கேக்கில் ஒரு பல் மருத்துவமனைக்கு மேலே, மூன்றாம் மாடியில் அலுவலகம். தேடுவதை எல்லாம் பதிந்து வைக்கும் இண்டெக்ஸ் என் பொறுப்பு. முதலாளி எசென் அண்ணனுக்கு எத்தனை தேடல் என்பது முக்கியமில்லை, எத்தனை ஆள் என்பதுதான் முக்கியம். நம் ஆட்கள் ஒரு பயணத்துக்கு இருபது தடவை தேடுவார்கள். காலையில் பார்ப்பார்கள், மத்தியானம் பார்ப்பார்கள், ஓட்டுநரின் முகம் பிடிக்கவில்லை என்று மறுபடி பார்ப்பார்கள். அந்த இருபதையும் ஒன்றாக்கிக் காட்ட வேண்டும்.

முன்பு அந்த எண்ணிக்கையைக் கேட்கும் ஒவ்வொரு தடவையும் எந்திரம் லட்சக்கணக்கான கைபேசி எண்களைப் புதிதாக அரைத்து, ஒவ்வொன்றுக்கும் ஹாஷ் என்கிற ஒரு குறியெண் செய்து, அவற்றில் வேறுவேறானவை எத்தனை என்று பார்த்துக்கொண்டிருந்தது. திரை திறக்க நாற்பது நொடி ஆகும். எசென் அண்ணன் அதற்குள் ஒரு சிகரெட்டை முடித்துவிடுவார். நான் செய்தது சின்ன விஷயம். பதிவு உள்ளே வரும்போதே ஒரே ஒரு தடவை அரைத்து, அந்தக் குறியெண்ணைப் பக்கத்திலேயே எழுதி வைத்துவிடுவது. எண்ணும்போது அரைக்கிற வேலையே இல்லை. பழைய மூன்று வருடப் பதிவுகளையும் உட்கார்ந்து அரைத்து முடித்தேன். நாற்பது நொடி ஒரு நொடிக்குள் வந்தது. குறியெண் இருக்கும்போது கைபேசி எண் எதற்கு, யாராவது வந்து கேட்டால் தலைவலி என்று எசென் அண்ணன் எண்களை அழிக்கச் சொன்னார். அழித்தேன். 'உங்கள் எண்ணை நாங்கள் வைத்துக்கொள்வதில்லை' என்று செயலியில் பெருமையாக எழுதியும் போட்டோம்.

குறியெண்ணிலிருந்து கைபேசி எண்ணைத் திரும்ப எடுக்க முடியாது. மந்தி என்கிற கறிக்கொழுக்கட்டைக்குக் கொத்திய கறியைக் காட்டி இது எந்த ஆடு என்று கேட்டால் யார் சொல்வார்கள்? ஆனால் ஒன்று. அதே எண்ணைத் திரும்ப அரைத்தால் அதே குறியெண்தான் வரும். யாரென்று எந்திரம் சொல்லாது. நீங்களாக ஒரு எண்ணைக் கொடுத்து, இவரா என்று கேட்டால் ஆம், இல்லை என்று சொல்லும்.

"என்னடி, திரையவே முறைச்சிக்கிட்டு இருக்கே? அது உனக்கு என்ன பாவம் பண்ணிச்சு?" என்றாள் வெனேரா. பக்கத்து மேஜை. வாடிக்கையாளர் புகார்களைக் கேட்பவள். நாள் முழுக்கத் திட்டு வாங்குவதால் வாய் நீளம்.

"எழுபத்தொண்ணு காட்டுது."

"எந்த ஊருக்கு?"

"எங்க ஊருக்கு."

"உங்க ஊர்ல எழுபத்தொரு பேர் இருக்காங்களா மொதல்ல? மாடு மட்டும்தான் இருக்குன்னு நெனச்சேன்."

எசென் அண்ணன் காதில் விழுந்துவிட்டது. எழுந்து வந்தார். "ஜிபார், பன்னெண்டு மணிக்கு ஆளுங்க வராங்கம்மா. ஓஷ், காராகோல்னு பெரிய ஊருங்களுக்கு நடுவுல அந்தக் குட்டி ஊரு எதுக்கு? அத மட்டும் தூக்கிடேன்."

"தூக்கினா ஆச்சாண்ணே? தப்புன்னா எல்லா ஊருக்கும் தப்பு. கண்டுபிடிச்சிடறேன்."

அந்த ஊர் ஏன் பட்டியலில் இருக்கிறது என்று அவர் முன்பும் ஒரு தடவை கேட்டிருக்கிறார். சோதனைக்கு என்று சொல்லி வைத்திருந்தேன். உண்மை வேறு. தினமும் சாயங்காலம் கிளம்பும் முன் அந்த இரண்டு வரிகளையும் பார்ப்பேன். இன்று கோக்-ஜாருக்குப் போக ஒன்பது பேர். கோக்-ஜாரிலிருந்து வர நாலு பேர். அதுதான் எனக்கு ஊர்ச் செய்தி. பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய் ஒரு ஆளுக்கு நூடுல்ஸ் கிண்டித் தின்பேன். ஒரு ஆளுக்குச் சமைப்பது போல அலுப்பான வேலை உலகத்தில் இல்லை, எவ்வளவு குறைத்துப் போட்டாலும் மிஞ்சும்.

மூன்று வருடத்துக்கு முன், ஏப்ரலில், புருஷன் வீட்டை விட்டுவிட்டு மூட்டையோடு ஊருக்குப் போனேன். அப்பா கால்நடை மருத்துவர். மாவட்டத்தில் அவர் கைபடாத குதிரை கிடையாது. முரட்டுக் குதிரை எல்லாம் அவரிடம் பணியும், அந்தப் பழக்கத்தில் என்னையும் நினைத்துவிட்டார். வாசலுக்கு வந்து நின்று, "அந்த மூட்டைய இங்க எறக்காத. எங்கேருந்து வந்தியோ அங்கயே போ" என்றார். டாக்சிக்காரன் எஞ்சினைக்கூட நிறுத்தியிருக்கவில்லை. அதே காரில் ஏறினேன். புருஷனிடம் போகவில்லை, பிஷ்கேக்குக்கு வந்தேன். அதற்குப் பிறகு அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. பிடிவாதம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று யாரும் ஆராய்ச்சி செய்ய வேண்டியதில்லை. அம்மா மட்டும் மாட்டுக்கொட்டகையிலிருந்து ரகசியமாகக் கூப்பிடுவாள். பேச்சுக்கு நடுவே மாடு கத்தும். அப்பா பற்றி நான் கேட்க மாட்டேன், அவளும் சொல்ல மாட்டாள்.

வேலை விஷயத்துக்கு வருகிறேன். எங்கே பிசகும்? ஒரே எண்ணை ஒருவர் நாட்டுக் குறியீட்டோடும், இன்னொரு தடவை வெறுமனேயும் கொடுத்தால் இரண்டு குறியெண் வரும், ஒரு ஆள் இரண்டு ஆளாகிவிடுவார். அப்படியானால் பதினான்கு இருபத்தெட்டாகும், எழுபத்தொன்று ஆகாது. இந்த முறையில் பெரிய எண்ணிக்கைகள் கொஞ்சம் தோராயமாகத்தான் வரும். ஓஷுக்கு நாற்பதாயிரம் என்றால் இருநூறு முன்னே பின்னே இருக்கும். சின்ன எண்ணிக்கையில் அந்தக் குறை இல்லை. மற்ற ஊர்களைப் பார்த்தேன். எல்லாம் நேற்றுப் போலவே இருந்தன. எங்கள் ஊருக்கு மட்டும்தான் பைத்தியம் பிடித்திருந்தது.

சரி, தெரிந்த எண் ஒன்றைக் கொடுத்துப் பார்ப்போம் என்று என் எண்ணையே அரைத்து, கடைசி இருபத்துநாலு மணி நேரப் பதிவுகளில் தேடினேன். இல்லை என்றது. சரிதான், நான் தேடவில்லையே. வெனேராவின் எண்ணைக் கொடுத்தேன். இல்லை. அதுவும் சரி. இனி ஆம் என்று வருகிற எண் ஒன்று வேண்டும். கோக்-ஜாருக்குப் போகக்கூடிய ஆட்களில் எனக்குத் தெரிந்தது என் சொந்தக்காரர்கள் மட்டுமே. தோக்மோக்கில் இருக்கும், கூடப்பிறந்த சைரா அக்காவின் எண்ணைப் போட்டேன். அவளும் தேடியிருக்க மாட்டாள், முந்தாநாள்தான் பேசினோம், இந்த வாரம் முழுக்கப் பையனுக்குப் பரீட்சை என்று புலம்பினாள்.

ஆம் என்றது. நேற்று சாயங்காலம் ஆறே முக்கால். தோக்மோக்கிலிருந்து கோக்-ஜாருக்கு மூன்று இடம்.

எந்திரம் உளறுகிறது என்றுதான் நினைத்தேன். அப்பாவின் தம்பி கால்முர்சா சித்தப்பாவின் எண்ணைப் போட்டேன். இதே பிஷ்கேக்கில், நகரத்தின் அந்தக் கோடியில் இருக்கிறார். ஆம். இன்று காலை எட்டு மணி. பிற்பகல் இரண்டு மணிக் கார், ஐந்து இடம். அவர் வீட்டில் இருப்பது நாலு பேர். ஓஷில் இருக்கும் பெரியப்பா மகனைப் போட்டேன், ஆம். கோச்கோரில் இருக்கும் அத்தை, ஆம். இசிக்-குல்லில் ஹோட்டல் வைத்திருக்கும் அத்தை மகன், நோரூஸுக்குக்கூட ஊருக்கு வராத மகா கஞ்சன், அவனும் ஆம். என் கைபேசியில் ஊருக்கு வெளியே இருக்கும் சொந்தக்காரர்கள் இருபத்தாறு பேர். இருபத்துமூன்று பேர் ஆம்.

ஹாஷ் சரியாக இருந்தது. என் வேலையில் ஒரு குறையும் இல்லை.

குடும்ப வாட்ஸ்அப் குழுவைத் திறந்தேன். நாற்பது பேர் இருக்கும் குழு. காலையில் பூப்படம், மத்தியானம் பலகாரப்படம், ராத்திரி யாராவது ஒருவருடைய குழந்தை ஆடும் வீடியோ என்று ஓயாமல் கத்திக்கொண்டிருக்கும், அதனாலேயே சத்தத்தை அணைத்து வைத்திருந்தேன். நேற்று மத்தியானம் இரண்டு மணிக்குப் பிறகு அதில் ஒரு எழுத்து இல்லை. எல்லோரும் என்னை விட்டுவிட்டு வேறொரு குழுவுக்குப் போய்விட்டார்கள் என்பது புரிய எனக்குப் படிப்பு தேவைப்படவில்லை.

எங்களில் சாவுச் செய்தியைப் போனில் சொல்ல மாட்டார்கள். பெற்ற பிள்ளைக்கு என்றால் நிச்சயமாகச் சொல்ல மாட்டார்கள். சைரா அக்காவுக்குப் புருஷன் வீட்டார் நேரில் சொல்லியிருப்பார்கள். தூரத்தில் தனியாக இருப்பவளின் காதில் அது விழாமல் ஊரே வாயைக் கட்டிக்கொள்ளும். பெரியவர்கள் நேரில் வந்து, உட்கார்ந்து, தேநீர் குடித்து, சுற்றி வளைத்துச் சொல்லிக் கூட்டிக்கொண்டு போவார்கள். சித்தப்பாவின் ஐந்தாவது இடம் எனக்கு.

யார்? அம்மாவா, அப்பாவா?

அம்மாவின் எண்ணுக்குக் கூப்பிட்டேன். எடுத்தது தம்பி உலான். ஊரில் அவர்களோடு இருப்பவன் அவன்தான்.

"அம்மா எங்கடா?"

"கொட்டகையில."

"இந்நேரத்துல என்ன கொட்டகை? போன குடு அவங்ககிட்ட."

"கன்னு போடுதுக்கா. அப்பறம் பேசச் சொல்றேன்." குரல் கட்டியிருந்தது. "நீ சாப்டியா?" என்று கேட்டான். என் தம்பி பிறந்ததிலிருந்து என்னை அப்படிக் கேட்டதில்லை. பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டான்.

அப்பாவின் எண் இருந்தது. அதை அழுத்த விரல் வரவில்லை. மூன்று வருடப் பழக்கம். எடுத்தால் என்ன பேசுவேன், எடுக்காவிட்டால் என்ன ஆவேன் என்று இரண்டு பக்கமும் பயம்.

வெனேரா, "முகம் ஏன்டி இப்படி வெளுத்துப் போச்சு? வேலை போனா போகுது, வேற வேலை தேடிக்கலாம்" என்றாள். பாவம், எண்ணிக்கை தப்பிவிட்டது என்று நினைத்தாள். நான் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். சொல்லிவிட்டால் நிஜமாகிவிடும் என்று இருந்தது.

அப்போதுதான் தலாஸ் ஞாபகம் வந்தது. அம்மாவின் பிறந்த வீடு தலாஸ். அம்மா போயிருந்தால் தலாஸ்காரர்கள் ஒரு வேனுக்குக் குறையாமல் வருவார்கள். எங்கள் பெண்ணை எப்படி வைத்திருந்தீர்கள், எப்படிப் போக விட்டீர்கள் என்று கேட்கும் உரிமை அவர்களுக்கு. அவர்கள் வந்து சேராமல் மண் போட முடியாது. மாப்பிள்ளையான அப்பா போயிருந்தால் மரியாதைக்குத் தாய்மாமனும் இன்னொருவரும் வந்தால் போதும்.

தலாஸிலிருந்து கோக்-ஜாருக்கு, நேற்றும் இன்றும் சேர்த்து, எத்தனை ஆள் என்று கேட்டேன். ஒரு நொடிகூட ஆகவில்லை. நாற்பது நொடியாகவே இருந்திருக்கலாம்.

இரண்டு.

அம்மா இருக்கிறாள் என்று மனம் ஒரு துள்ளு துள்ளியது. அந்தத் துள்ளலுக்காக உடனே வெட்கப்பட்டேன். அப்பா என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். மூன்று வருடமாக அந்தச் சொல்லைச் சொல்லாததால் நாக்கில் சரியாக உட்காரவில்லை.

அவர் எண்ணுக்குக் கூப்பிட முடியாது என்பதால் அதை அரைத்தேன், அவ்வளவுதான். செத்துப்போனவர் எங்கேயும் போகப் போவதில்லை, ஊரை விட்டுக் கிளம்பாத மனிதர், எந்த வரியில் தேடுவது? நாள், ஊர் என்று எதையும் சொல்லாமல் மொத்த மூன்று வருடத்திலும் இந்தக் குறியெண் உண்டா என்று கேட்டேன்.

முப்பத்தொரு பதிவுகள் வந்தன. எல்லாமே கோக்-ஜாரிலிருந்து பிஷ்கேக்குக்கு. ஒரு இடம். எதிலும் இடம் போடவில்லை, பார்த்ததோடு சரி.

முதலாவது, நான் வந்த ஆறாம் மாதம், அக்டோபர் ஒன்பது. அன்று காலையில் மட்டும் நாலு தடவை தேடியிருக்கிறார். நோரூஸுக்கு முந்தைய நாள், முதல் இரண்டு வருடமும். என் பிறந்தநாளுக்கு முந்தைய நாள், இரண்டு வருடம். போன வருடம் ஏப்ரல் பதினொன்று. அது எனக்குக் குடல்வால் அறுவை நடந்த மறுநாள். ஆஸ்பத்திரியில் ஜன்னலோரக் கட்டிலில் படுத்துக்கொண்டு, எனக்கு ஒரு நாதி இல்லை என்று அழுத நாள். அன்று அவர் ஏழு தடவை தேடியிருக்கிறார். கடைசியாக இந்த மாதம் பதினெட்டு, எட்டு நாளைக்கு முன். மொத்தம் பதினான்கு நாள்கள்.

தினமும் சாயங்காலம் நான் பார்த்த வரிதான் அது. 'கோக்-ஜாரிலிருந்து வர நாலு பேர்' என்று பார்த்துவிட்டு நூடுல்ஸ் கிண்டப் போவேனே, அந்த நாலில் ஒன்று அவர். ஏழு தடவை தேடியதை ஒரு ஆள் என்று சுருக்கிக் காட்டியது நான் எழுதிய நிரல். எசென் அண்ணன் போன வாரம்தான் அதற்கு என்னை எல்லோர் முன்னாலும் பாராட்டினார்.

பன்னிரண்டுக்கு வெளியாட்கள் வந்தார்கள். திரை ஒரு நொடியில் திறந்ததைப் பார்த்துத் தலையாட்டினார்கள். அவர்களில் ஒருவர் விரலை நீட்டி, "இந்த ஊருக்கு மட்டும் என்னங்க இவ்ளோ கூட்டம்? திருவிழாவா?" என்று கேட்டார்.

எசென் அண்ணன் என்னைப் பார்த்தார்.

"எண்ணிக்கை சரிதாங்க" என்றேன். "எல்லாரும் வேறவேற ஆளுங்க."

ஒன்றே காலுக்குச் சித்தப்பாவும் சித்தியும் வந்தார்கள். சித்தப்பா கல்யாணத்துக்குப் போடும் கால்பாக் தொப்பியைப் போட்டிருந்தார், சித்தி தலைக்கு அடர்ந்த நிறத்தில் துணி கட்டியிருந்தாள். வெனேரா ஒன்றும் தெரியாமல், "வாங்க வாங்க, நீங்க ஜிபாரோட சித்தப்பாவா? உக்காருங்க, பால் ஊத்தித் தேத்தண்ணி போடறேன்" என்று உபசரித்தாள். மீட்டிங் அறையில் உட்காரவைத்தோம். எசென் அண்ணன் எட்டிப் பார்த்தார், தொப்பியைப் பார்த்தார், சித்தியின் தலைத்துணியைப் பார்த்தார். வெளியாட்களைப் பக்கத்துக் கடைக்குச் சாப்பிடக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

"இந்த வருஷம் புல்லு சீக்கிரமே வந்துருச்சு" என்றார் சித்தப்பா.

"ஆமா சித்தப்பா."

"டோலோன் கணவாய்ல பனியெல்லாம் எறங்கிருச்சாம். ரோடு நல்லா இருக்குன்னு சொல்றாங்க."

"சரி சித்தப்பா."

"குதிர வெலதான் ஏறிப்போச்சு."

சித்தி கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரியும் சித்தப்பா, விடுங்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த மனிதர் அண்ணனைப் பறிகொடுத்துவிட்டு, காலையிலிருந்து இதை எப்படிச் சொல்வதென்று மனதுக்குள் அடுக்கி எடுத்து வந்திருக்கிறார். கேட்டுக்கொள்ளவாவது நான் லாயக்காக இருக்க வேண்டும்.

"உங்கப்பாவுக்கு" என்று ஆரம்பித்தார். நிறுத்தினார். "ஜிபார், நீ கெட்டிக்காரி. பெரிய மரமா இருந்தாலும் ஒரு நாளு சாயும். காலம் மன்னர்னு பாத்ததா, மருத்துவர்னு பாத்ததா? வந்தவங்க எல்லாரும் எறங்கித்தான் ஆகணும். உங்கப்பா நேத்து மத்தியானம் ஒரு குதிரைக்கு ஊசி போட்டுட்டு, நெஞ்ச புடிச்சிக்கிட்டு வேலியோரமா உக்காந்தான். எந்திரிக்கல."

தெரிந்த செய்திதானே, தைரியமாக இருப்பேன் என்று நினைத்திருந்தேன். எண்ணிக்கையாகத் தெரிந்தது வேறு, வேலியோரம் என்று கேட்டது வேறு. மேஜையில் தலையை முட்டிக்கொண்டு கத்தினேன். வெனேரா கையிலிருந்த தேநீர்க் கெண்டியோடு வாசலில் அப்படியே நின்றாள். சித்தி ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள்.

அழுகை ஓய்ந்ததும் சித்தப்பா, "இந்தா, நான் சீட்டு போட்டுட்டேன். ரெண்டு மணி கார். உனக்கும் சேத்து" என்றார்.

"தெரியும் சித்தப்பா" என்றேன். அவர் காதில் வாங்கவில்லை.

காரில் ஆறு மணி நேரம். சித்தி என் கையை விடவே இல்லை. கோச்கோர் தாண்டியதும் மெதுவாகச் சொன்னாள். "அங்க போனதும் நீதான் மூத்த பொண்ணு மாதிரி வாய் விட்டு அழணும்மா. சைராவுக்குக் குரல் எழும்பாது. அப்பாவ ஒப்பாரில கூப்பிடணும். ஊரே கேக்கும். மூணு வருஷமா பேசலன்னு ஊருக்குத் தெரியும், அதனால இன்னும் காது குடுத்துக் கேக்கும். வார்த்தைய யோசிச்சு வச்சுக்க."

எனக்கு அதுதான் பயமாக இருந்தது. ஒப்பாரி என்பது சும்மா அழுவதல்ல. இன்ன நாளில் என்னைத் தோளில் தூக்கினாய், இன்ன நாளில் குதிரை ஏற்றினாய் என்று அப்பாவைப் பாட வேண்டும். என்னிடம் என்ன இருந்தது? சிறுவயதில் இருந்து எடுத்தால் நடுவில் அந்த வாசல் வந்து நிற்கும். அதைத் தாண்டி இந்தப் பக்கம் வர ஒரு வார்த்தை கிடையாது.

வீட்டுக்கு முன் வெள்ளைக் கம்பளிக் கூடாரம் போட்டிருந்தார்கள். வெளியே ஆண்கள் தடியை ஊன்றி, குனிந்து நின்று, எங்கள் காரைப் பார்த்ததும் 'என் அண்ணனே', 'என் அப்பனே' என்று ஓவென்று கத்தினார்கள். உலான் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு தேம்பினான். கூடாரத்துக்குள் பெண்கள் சுவரைப் பார்த்து, வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள். அம்மா நடுவில். மெலிந்திருந்தாள். நான் அவள் பக்கத்தில் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். திரைக்கு அந்தப் பக்கம் அப்பா படுத்திருந்தார்.

எல்லோரும் அடங்கினார்கள். என் குரலுக்காகத்தான் அடங்கினார்கள்.

வாயைத் திறந்தேன். யோசித்து வைத்தது எதுவும் வரவில்லை. வந்தது இதுதான்.

"அக்டோபர் ஒம்பதாந்தேதி பாத்தீங்களே அப்பா, காரு இருந்துச்சே அப்பா! நாலு தடவ பாத்தீங்களே, நாலு காரும் வந்துச்சே, ஒண்ணுல ஏறலையே அப்பா! நோரூஸுக்கு முந்தின நாளு பாத்தீங்களே, நான் தனியா கஞ்சி காய்ச்சினேனே அப்பா! ஏப்ரல் பதினொண்ணு ஏழு தடவ பாத்தீங்களே, நான் ஜன்னலோரமா கெடந்தேனே அப்பா! பதினெட்டாந்தேதி பாத்தீங்களே, இன்னும் ஏழே நாளுதானே இருந்துச்சு அப்பா!"

இடையில் இருந்த நாள்களையும் விடவில்லை. பதினான்கையும் சொன்னேன். பின்னால் யாரோ, "பாவம், புத்தி கலங்கிப் போச்சு" என்று கிசுகிசுத்தது கேட்டது. சைரா அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். அவளுக்குக்கூட எதுவும் தெரியாது. நான் முடித்துவிட்டு மூச்சு வாங்கினேன்.

அம்மா என் பக்கம் திரும்பவில்லை. சுவரைப் பார்த்தபடியே, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"ஜனவரி பத்தொம்பத விட்டுட்டியேடி."

"அன்னிக்கு இல்லம்மா. நான் பாத்தேன், அன்னிக்கு அவர் தேடல."

"தேடினாரு. அவரு போன் அன்னிக்கு உயிரில்லாம கெடந்துச்சு, என் போன வாங்கிப் பாத்தாரு. பாத்ததோட இல்ல, சீட்டும் போட்டாரு. உனக்குன்னு குதிரக்கறி கட்டிக் குடுத்தேன். விடியக் காத்தால ரோட்டுல போயி நின்னாரு. டோலோன்ல பனின்னு காரு வரல. பத்து மணி வரைக்கும் நின்னுட்டு வந்து, கறிய அப்படியே திருப்பி எங்கிட்ட குடுத்தாரு. அவகிட்ட சொல்லாதன்னாரு."

அம்மாவின் எண் என் கைபேசியில் முதல் எண். அதை அரைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.